மேற்கு வீதியில் நின்ற மூச்சு

ஆனைமுகத்து ஐயனை அகத்தில் இருத்தி, இவ்வூரின் நடுவே கோயில் கொண்டு நம் அனைவருக்கும் தாயாய் வீற்றிருக்கும் அம்பாளின் அடிமலரைத் தலைமேல் தாங்கி, இந்த அவையை வணங்குகின்றேன்.

இவ்வவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆலய பரிபாலன சபைத் தலைவர் திருவாளர் இராசநாயகம் அவர்களே, ஆகமம் வழுவாது பூசை இயற்றிவரும் சிவாச்சாரியப் பெருந்தகையே, ஊன்றுகோலை மடியில் கிடத்தி முன்வரிசையில் இருக்கும் என் வயதொத்த பெரியோர்களே, வேலையெல்லாம் ஒதுக்கிவைத்து வந்து பாய்களில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நீர்வேலியிலிருந்து வாழைக்குலையோடும் அச்சுவேலியிலிருந்து அன்போடும் வந்திருக்கும் அடியார்களே, தேர் காணக் கடல் கடந்து வந்திருக்கும் இலண்டன், கனடா உறவுகளே, பந்தலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்று, இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று கைபேசியில் நேரம் பார்க்கும் இளைஞர்களே... சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிக்க மாட்டீர்கள். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை எதற்காக அழைத்தார்கள்? வாழ்த்துரை வழங்க. யாரை வாழ்த்த? சென்ற ஆண்டு தேருக்கு முதல்நாள் ஆலய வீதியைத் துப்புரவாக்கிய சிரமதான இளைஞர்களை வாழ்த்த. அதற்கு முன்கூட்டிய மரியாதையாகத் தலைவர் அவர்கள் இதோ இந்தப் பொன்னாடையை என் தோளில் போர்த்தினார். சரிகை மின்னுகிறது. ஆனால் அன்பர்களே, அது என் தோளைச் சுடுகிறது. வாழ்த்த வந்த வாய்தான் இது. வருகிற வழியில் மேற்கு வீதியால் வந்துவிட்டேன். அங்கே கண்டதைக் கண்ட பின்னர் வாழ்த்து என் தொண்டைக்குள்ளேயே வற்றிவிட்டது.

என்ன கண்டேன்? வெண்மை கண்டேன். முழங்கால் உயரத்துக்கு, மல்லிகையும் அல்லாத, முல்லையும் அல்லாத, மாலைக்கும் ஆகாத, மருந்துக்கும் உதவாத வெண்மை. பார்த்தீனியம் என்னும் களைப்பூடு. படைக்கு இறக்கிய ஆட்டோடு வந்தது என்பார் சிலர், மாமூட்டையோடு வந்தது என்பார் சிலர். எப்படி வந்ததென்று நான் இன்று கேட்கவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கிறேன். அந்த வெண்மைக்குப் பக்கத்தில் மணல் நிறைத்த உழவு இயந்திரப் பெட்டி ஒன்று நின்றது. அருகே சிரமதானக் குழுத் தலைவர், நம் கோபிசங்கர் நின்றார்.

"தம்பி, உந்த மணல் எங்கத்தையான்?" என்று கேட்டேன்.

"அம்மாளின்ரை காணி மணல்தான் ஐயா. தேருக்கு முதல்நாள் மிசின் வருது. உந்தப் பூடெல்லாத்தையும் ஒரே வெட்டாய் வெட்டிப்போட்டு, மேலாலை மணலைக் கொட்டுவம். பிரதட்டை பண்ணுறவைக்குப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும்."

"போன வருசமும் இப்பிடித்தானே செய்தனியள்?"

"ஓம் ஐயா. அதுக்குத்தானே இண்டைக்கு எங்களுக்குப் பாராட்டு."

அந்தப் பிள்ளையின் முகத்தில் கள்ளம் இல்லை. கபடம் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் பொங்கியது. கள்ளனிடம் கோபித்தால் காவல்துறை உண்டு. பக்தியோடு பிழை செய்கிறவனிடம் கோபிக்க யார் இருக்கிறார்கள்? கிழவன் ஒருவன்தான் இருக்கிறான்.

சபையோரே, சென்ற ஆண்டு தேரன்று நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அறியாதவர்கள் அறியட்டும், அறிந்தவர்கள் நாணட்டும்.

அச்சுவேலியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள் தாரிகா. உதயகலாவின் ஒரே மகள். தாய்க்கு இதயத்தில் சத்திரசிகிச்சை. "அம்மா பிழைத்து வந்தால் தேரன்று நான்கு வீதியும் அடியழிப்பேன்" என்பது மகளின் நேர்த்திக்கடன். தாய் பிழைத்தாள். மகள் வாக்குத் தவறவில்லை. தேர் அசைந்தது, தேருக்குப் பின்னே ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்தார்கள், அவர்களுக்குப் பின்னே பெண்கள் அடியழித்தார்கள். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஓரடி எடுத்துவைத்து, முழந்தாளிட்டு, நெற்றி மணலில் தோய விழுந்து வணங்கி, எழுந்து, மீண்டும் ஓரடி வைத்து மீண்டும் விழுவது. வீதியை முகத்தால் அளப்பது என்று சொல்லலாம். மூக்கு மணலில் படாமல் அந்த வழிபாடு இல்லை.

கிழக்கு வீதி கடந்தாள். தெற்கு வீதி கடந்தாள். மேற்கு வீதிக்குத் திரும்பினாள். முதல்நாள் மாலை மிசின் ஓடிய வீதி அது. பூவும் தண்டும் தாதும் தூளாகி, புதிய மணலோடு கலந்து கிடந்த வீதி. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அந்தத் தூளை எழுப்பிக்கொண்டிருந்தது. நடு வீதியில் தாரிகாவின் உடல் நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்து மேலே செருகியது. நெஞ்சிலிருந்து சீழ்க்கை போல் ஓர் ஒலி எழுந்தது.

நாம் என்ன செய்தோம்? சொல்லுங்கள். நான் சொல்கிறேன். "அம்மாள் கலை வந்திட்டுது" என்றோம். "பிள்ளையை மறியாதையுங்கோ, ஆடட்டும்" என்றோம். அரோகரா என்றோம். பறை அடிப்பவரைப் பார்த்து, இன்னும் ஓங்கி அடி என்றோம். வேப்பிலையால் முகத்தில் வீசினோம். தலைவர் அவர்கள்... வருந்தாதீர்கள் தலைவரே, உங்கள் பக்தியை நான் ஐயுறவில்லை... தாமே சாம்பிராணித் தட்டோடு ஓடிவந்து, அந்தப் பெண்ணின் மூக்கின் கீழே புகையைப் பிடித்தார்.

மூச்சுக்குத் தவித்தவளுக்குப் புகை கொடுத்தோம். காற்றுக்குக் கெஞ்சியவளுக்குக் கற்பூரம் காட்டினோம். வாய் திறந்து உதவி கேட்க முடியாதவளைப் பார்த்து, வாக்குச் சொல்லு தாயே என்று கேட்டோம்.

உதயகலா வடக்கு வீதியில் மகளை எதிர்பார்த்து நின்றவள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். சத்திரசிகிச்சைத் தழும்பு ஆறிய நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்: "விடுங்கோ. உது கலையில்லை. என்ரை பிள்ளைக்கு மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு. கண்ணில்லையே உங்களுக்கு?"

தேர்வடத்தருகே நின்ற எனக்கு அந்தக் குரல் கேட்டது. பறையையும் மீறிக் கேட்டது. ஓட்டோ ஒன்றில் தாரிகாவைத் தூக்கி ஏற்றினோம். ஆசுபத்திரியில் அவள் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பொருத்தியவர் ஸ்ரெல்லா என்ற தாதி, குருநகர்க் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த பிள்ளை. மகள் கண் திறந்த பின்னர், உதயகலா கேட்டாள்:

"மிஸ், சனம் கதைக்குது, நேர்த்தியிலை ஏதோ குறையாம். அதுதான் அம்மாள் நிப்பாட்டினவவாம்."

ஸ்ரெல்லா ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அம்மா, எங்கடை பெருநாளிலையும் முழங்காலிலை போற ஆக்கள் இருக்கினம். மாதா ஒருத்தரையும் மூச்சைப் பிடிச்சு நிப்பாட்டினதில்லை. உங்கடை அம்மாளும் தாய்தானே. அவவுக்கு ஏன் உந்த வேலை?"

கைதட்டுகிறீர்கள். தட்ட வேண்டாம். அந்த வார்த்தை நம் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். நம் வாயிலிருந்து வந்தது என்ன? காலையில் தெய்வம் என்றவளை மாலையில் குற்றவாளி என்றோம். "விரதம் பிழைச்சுப்போச்சு" என்றது தெற்குத் தெரு. "மீன் மச்சம் சமைச்ச சட்டி தொட்டிருப்பாள்" என்றது வடக்குத் தெரு. பரிபாலன சபைக் கூட்டத்திலே தலைவர் அவர்களும், "துடக்கோ என்னவோ, ஆர் கண்டது" என்று தீட்டுக் கதை சொன்னதாக அறிந்தேன்.

தலைவரே, மேசைமேல் இருக்கும் மணியில் உங்கள் கை போகிறது. அடியுங்கள். நேரம் முடிந்தது என்று அடியுங்கள். எனக்கு நேரம் முடிந்துதான் நெடுநாளாயிற்று. ஆனால் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை ஒரு களையின் தாதுக்குப் பலியிட்டவர்கள் இருக்கும் பந்தலில், நான் மணிக்கு அஞ்சி இறங்க மாட்டேன்.

கேளுங்கள். அது தெய்வ குற்றம் அன்று. தாது குற்றம். கண்ணுக்குத் தெரியாத தூள். ஒரு பூவிலிருந்து புறப்பட்டு, காற்றிலேறி, மூக்கில் புகுந்து, நெஞ்சின் வாசல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் தூள். ஒவ்வாமை என்று அதற்குப் பெயர். சிலருக்குத் தும்மல், சிலருக்குக் கண்ணெரிவு, தோட்டத்தில் களை பிடுங்குகிறவர்களுக்குக் கை முழுவதும் தடிப்பு, தாரிகா போன்றவர்களுக்கு உயிரை உலுக்கும் தொய்வு என்னும் மூச்சிழுப்பு.

"பூடு நேற்றா வந்தது ஐயா, முந்தியும் இருந்ததுதானே" என்று அங்கே ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி. எழுந்து நின்றே கேட்டிருக்கலாம். ஓம், முந்தியும் இருந்தது. மாரி மழைக்கு முளைத்தது, தையிலே பூத்தது, பங்குனி வெயிலிலே கருகிச் செத்தது. அம்பாளின் கொடி ஏறும் ஆனி மாதத்தில் வீதியில் சுடுமணலன்றி வேறெதுவும் இருந்ததில்லை. நம் முன்னோர் நாள் குறித்தார்கள், நட்சத்திரம் பார்த்தார்கள், காரும் கூதிரும் பனியும் வேனிலும் முறை மாறாமல் வரும் என்று நம்பித் திருவிழா வகுத்தார்கள். இன்று என்ன நடக்கிறது? வைகாசியிலே மாரியைப் போல் கொட்டுகிறது. கார்த்திகையிலே காய்கிறது. காலந்தவறிய ஒரு மழை போதும், ஆனியிலே பூடு குலுங்கிப் பூத்துவிடும். பஞ்சாங்கம் பிழைக்கவில்லை அன்பர்களே. பருவம் பிழைத்துவிட்டது. நட்சத்திரம் தன் இடத்தில் நிற்கிறது. மழைதான் தன் இடத்தை விட்டு ஓடிவிட்டது.

ஏன் ஓடியது? பள்ளிப் பிள்ளைகள் காபனீரொட்சைட்டு என்று படிக்கிறார்களே, அந்தப் புகை வானத்தைப் போர்வையாய் மூடிச் சூட்டைச் சிறைப்பிடித்திருக்கிறது. சூடு கூடினால் கடல் கொதிக்கிறது. மழை முறை தவறுகிறது. இதோடு முடிந்ததா? அந்தப் புகையே இந்தக் களைகளுக்கு விருந்து என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். உண்டு கொழுக்கின்றன. முன்னே சிறிது தாது சொரிந்த பூ இப்போது அள்ளிச் சொரிகிறது. முன்னே சில கிழமை பூத்தது இப்போது பல மாதம் பூக்கிறது. இடியும் மழையும் சேர்ந்து வரும்போது, சில தாதுமணிகள் வெடித்துச் சிதறி, இன்னும் நுண்ணிய துகளாகி, நெஞ்சின் ஆழத்துக்கே இறங்குகின்றனவாம்.

இலண்டன் உறவுகளே, உங்களைக் கேட்கிறேன். அங்கே காலையில் வானிலைச் செய்தியோடு, இன்று காற்றில் பூந்தாது இவ்வளவு என்று சொல்கிறார்கள் அல்லவா? ஓம் என்று தலையசைக்கிறீர்கள். கூடுதலான நாளில் கதவைச் சாத்துகிறீர்கள், மாத்திரை போடுகிறீர்கள். நல்லது, நலமாய் இருங்கள். எங்கள் வலிகாமத்துக் காற்றை யார் அளந்து எங்களுக்குச் சொல்கிறார்? எங்களிடம் இருக்கும் அளவுகருவி எது? நெற்றியை நிலத்தில் வைத்த ஒரு பெண்ணின் மூக்கு. அவள் விழுந்தால் தாது கூட என்று அறிந்துகொள்ள வேண்டும். அப்போதும் நாம் அறியவில்லை. பறை அடித்தோம்.

புகையைக் கக்கியவன் எங்கோ இருக்கிறான். ஆலை வைத்தவன், ஆகாயத்தைக் குப்பைக்குழி ஆக்கியவன், மாநாடு கூட்டி மாலை மரியாதையோடு கலைந்து போகிறவன். அவன்மேல் எனக்கு அடங்காச் சினம் உண்டு. ஒரு சைக்கிளும் ஒரு கறவைப் பசுவும் மட்டும் வைத்திருந்த உதயகலா, அவன் எரித்ததற்குத் தன் மகளின் மூச்சை ஏன் ஈடு வைக்க வேண்டும்? இந்த அநீதியை எந்த மன்றத்தில் முறையிடுவது? ஆனால் அன்பர்களே, தூரத்துக் குற்றவாளியைக் காட்டி, பக்கத்துக் குற்றத்தை மறைக்க என்னால் முடியாது. வானத்து மழையை நிறுத்த நம்மால் ஏலாது. மேற்கு வீதி மிசினை நிறுத்த ஏலும்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். மேற்கு வீதிக்கு அப்பால், வேலி விழுந்து, வெள்ளைப் பூவால் மூடிக் கிடக்கிறதே தரிசுக் காணி, அது யாருடையது?

தாய்மார் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் வருகிறது. உரக்கச் சொல் பிள்ளை. ஓம். அது அம்மாளின் காணி. நம் ஆலயத்தின் காணி. வீதிக்குக் கொட்டும் மணல் எங்கிருந்து வருகிறது? அதே காணியிலிருந்து. வெளியிலே வாங்கும் மணல் தீட்டு, அம்மாளின் மண்ணே தூய்மை என்று நாம் தீர்மானித்தோம். அந்த மண்ணில் ஆண்டாண்டாய் உதிர்ந்த விதைகளை, பக்தியோடு வாரி, பக்தியோடு ஏற்றி, பக்தியோடு வீதி நான்கிலும் விதைத்தோம். மழை பிழைத்த குற்றம் உலகத்தினது. விதை தூவிய குற்றம் நம்முடையது. அதுவும் அர்ச்சனைப் பூப்போல் தூவினோம்.

நான் திருநீறு பூசுகிறவன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதிகம் ஓதாமல் உணவில் கை வைக்காதவன். அந்த உரிமையோடு பேசுகிறேன். எம்பெருமானின் எட்டு வடிவங்களில் காற்றும் ஒன்று என்று வணங்குகிறோம். காற்றையே இலிங்கமாகத் தொழும் தலம் ஒன்று உண்டு. காற்றுப் புகாத கருவறையிலும் அங்கே சுடர் அசையும் என்பார்கள். அசைவது யார்? அவன். தாரிகாவின் நெஞ்சுக்குள் போய்வருவது யார்? அவனே. அப்படியானால் மேற்கு வீதியில் நாம் வழிமறித்தது யாரை? எந்தச் சாம்பிராணி போட்டு இந்தப் பிழையைப் போக்குவீர்கள்?

ஏன் இன்று இவ்வளவு சினம் என்று கேட்பீர்கள். இந்த ஆண்டும் தாரிகா அடியழிக்கப் போகிறாள். அதோ, தாய்மார் வரிசையில், தூணோரம் தாயும் மகளும் இருக்கிறார்கள். திரும்பிப் பார்த்து அவர்களைக் கூசவைக்காதீர்கள். இன்னொரு முறை அப்படி வந்தால் ஓட்டோ ஆசுபத்திரி போய்ச் சேருமோ தெரியாது என்று வைத்தியர் எச்சரித்திருக்கிறார். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் மன்றாடினேன். "பிள்ளை, கிழக்கு வாசலிலை ஒரு தேங்காய் உடைச்சால் அம்மாள் ஏற்றுக்கொள்ளுவா" என்றேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஐயா, அம்மாள் ஏற்றுக்கொள்ளுவா. ஊர் ஏற்றுக்கொள்ளாது. அம்மாவுக்கு நாளைக்கு ஒரு தலையிடி வந்தாலும், மகள் நேர்த்தியைக் குறையிலை விட்டவள் எண்டுதான் ஊர் சொல்லும். மற்ற ரெண்டு வீதியையும் முடிக்காமல் அம்மா நித்திரை கொள்ளமாட்டா."

கேட்டீர்களா? அவளை அந்த மணலில் தள்ளுவது அம்பாள் அல்ல. நாம். நம் நாக்கு. தாது அவள் மூச்சை ஒருமுறை அடைத்தது. நம் நாக்கு ஓராண்டாய் அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்த அவையிடம் கேட்கிறேன். மிசின் வரக்கூடாது. தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது, நாளை விடியவே வீதிக்கும் அந்தக் காணிக்கும் தண்ணீர் பவுசர் வரட்டும். மண்ணும் பூவும் நனைந்து தூள் எழாதபடி ஆன பின்னர், தொய்வும் தடிப்பும் இல்லாதவர்கள் மட்டும், கையுறை மாட்டி, வாயும் மூக்கும் கட்டி, இரண்டு இடத்துப் பூடுகளையும் வேரோடு பிடுங்கி, பூ உதிராமல் சாக்கில் இட்டு, ஆழக் குழிதோண்டிப் புதைக்கட்டும். தேருக்கு முதல்நாளில் கை வைக்க வேண்டாம். வருகிற ஆண்டு முதல் மழை பெய்து பூடு முளைத்தவுடனேயே, பூக்குமுன், சிரமதானம் நடக்கட்டும், அது எந்த மாதமாயினும் சரி. அந்தக் காணி மணலில் ஒரு பிடியும் வீதிக்கு வரக்கூடாது.

என்ன கோபிசங்கர், எழும்பிறீர்? சொல்லும். பந்தல் முழுக்கக் கேட்கச் சொல்லும். "மிசினை நிப்பாட்டுறம் ஐயா. பவுசருக்கு நான் கதைக்கிறன். எங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லித்தரேல்லை" என்கிறார். நல்லது தம்பி. இப்போது என் வாழ்த்தை எடுத்துக்கொள்ளும். சென்ற ஆண்டின் வேலைக்கு அன்று. நாளைய வேலைக்கு.

தலைவர் ஏதோ சொல்கிறார். "மணல் ஏத்தியாச்சு ஐயா, இனி என்ன செய்யிறது?" இறக்காதீர்கள் தலைவரே. ஏற்றிய இடத்துக்கே போகட்டும். சுடுமணலில் விழுந்து வணங்கிய ஊர் இது. மெத்தை கேட்டு அம்பாளிடம் யாரும் வந்ததில்லை. இன்னும் ஒன்று உங்களிடம் கேட்க வேண்டும். துடக்கு என்று சபையில் சொன்ன சொல்லை, இந்தச் சபையிலேயே...

நன்றி. எழுந்து நின்றுவிட்டீர்கள். கைகூப்பி, தூணோரம் பார்த்து நிற்கிறீர்கள். சொல் வேண்டாம், அது போதும். உதயகலா, நீயும் பார்த்தாய் அல்லவா? அழாதே பிள்ளை.

அன்பர்களே, முடிக்கிறேன். இந்தப் பொன்னாடையை இதோ தோளிலிருந்து எடுத்து மடித்துத் தலைவரின் மேசையில் வைக்கிறேன். அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். தேரன்று இதை எடுத்துக்கொண்டு வடக்கு வீதி முடிவுக்கு வாருங்கள். கழுவிய மேற்கு வீதியைக் கடந்து தாரிகா அங்கே எழுந்து நிற்பாள். அப்போது யாரும் அவளைத் தெய்வம் என்று கூவ வேண்டாம். அவள் நெற்றியில் ஒட்டிய மணலை இந்தப் பட்டால் துடைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை சற்று விலகி நில்லுங்கள். காற்று வரட்டும்.

சினந்து பேசியவனையும் பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவர்க்கும் என் நன்றி. உங்கள் எல்லோர் நெஞ்சிலும் தடையின்றிப் போய்வரும் அந்த ஈசனுக்கு என் வணக்கம்.